ஓரகத்தியின் மேசைகள்

ஒரே வீட்டு மருமகள்கள் இருவரும் ஒரே உணவகத்தில் பரிமாறியதால், அங்கேயும் அவர்களுக்கு மூத்தவள், இளையவள் என்றே பெயர் விழுந்துவிட்டது.

மூத்தவள் அங்கே சேர்ந்து பதினோரு வருடம். எட்டுப் பேர் உட்கார்ந்து ஆளுக்கொன்று கேட்டாலும் தாளில் குறிக்க மாட்டாள். யாருக்கு எது என்று திரும்பக் கேட்கவும் மாட்டாள். இடது கையில் மூன்று தட்டு, வலது கையில் ஒன்று என்று ஏந்திக்கொண்டு சமையலறைக் கதவை இடுப்பாலேயே தள்ளித் திறப்பாள். தண்ணீர் டம்ளர் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரம்பியிருக்கும்; அவள் வந்து போனதே பல பேருக்குத் தெரியாது. நல்ல பரிமாறல் என்றால் அதுதான் என்பது அவள் கட்சி.

கொழுந்தனுக்கு வேலை போனபோது, இளையவளை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான். "என் ஓரகத்தி சார். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, மத்தபடி நல்ல பொண்ணு" என்று மேலாளரிடம் அவளே போய்ச் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது இரண்டே மாதத்தில் புரிந்தது.

இளையவளின் வேலையில் ஒழுங்கு என்பது மருந்துக்கும் கிடையாது. சூப் கேட்டவருக்குக் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஐயோ, உங்களைப் பாத்தா தூக்கக் கலக்கமா தெரிஞ்சுது, அதான்" என்றாள் ஒரு நாள். அவரும் சிரித்துவிட்டு அந்தக் காபியையே குடித்தார். தான் அப்படிச் செய்திருந்தால் மேலாளர் வரைக்கும் போயிருக்கும் என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. போகப் போக, வாசலில் நுழையும்போதே "அந்தச் சிரிச்ச முகம் இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஏழு வருடமாக மூத்தவளின் ஜன்னல் மேசையைத் தவிர வேறெங்கும் உட்காராத கண் டாக்டர்கூட ஒரு நாள் இளையவள் பக்கம் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டு, மூத்தவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. மூத்தவள்தான் எடுத்தாள்.

"மத்தியானம் ஒரு மணிக்கு நாலு பேர் வர்றோம்" என்றாள் ஓர் அம்மாள். "அங்க சிரிச்சுச் சிரிச்சுப் பேசுமே ஒரு பொண்ணு, அது பாக்குற மேசையா குடுங்க."

"சரிம்மா."

"இன்னொண்ணு. வீட்டுக்காரருக்கு உடம்புக்கு வந்ததிலேருந்து கை நடுங்குது. சூப்பைக் கிண்ணத்துல வைக்காம, பிடி வெச்ச கப்புல பாதி ஊத்திக் குடுக்கணும். கோழியை உள்ளேயே துண்டு போட்டுடணும். அவருக்குத் தெரியாம செய்யணும்மா, ரொம்ப ரோஷக்காரர். எட்டு மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் வெளிய சாப்பிட வர்றாரு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லிடறேன்."

எதிரே இளையவள் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "யாருக்கா போன்ல?"

"ஒரு மணிக்கு நாலு பேர். உன் மேசைதான் வேணுமாம்."

இளையவளுக்கு முகமெல்லாம் பல். மிச்சத்தையும் சொல்லத்தான் மூத்தவள் வாயெடுத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. பெரிய கெட்டிக்காரிதானே, அவளே கண்டுபிடிக்கட்டும்.

கணவர், மனைவி, மகள், மருமகன் என்று நாலு பேரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பெரியவர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்; உட்காரும் வரை வலது கையைக் கால்சட்டைப் பையை விட்டு எடுக்கவேயில்லை. இளையவள் அவர் எதிரில் அகலக் கிண்ணத்தில் விளிம்பு வரை சூப்பை வைத்தாள். பெரியவர் கரண்டியை எடுத்தார். கரண்டி கிண்ணத்தில் கிணுகிணுவென்று மோதியது. பாதி சூப் சட்டையில் சிந்தியது.

இளையவள் துணியோடு ஓடினாள். எல்லோரிடமும் பேசுகிற விளையாட்டுப் பேச்சையே அவரிடமும் பேசினாள்: "பரவால்ல சார், அவ்வளவு பசியா? நான் வேணா ஊட்டி விடவா?"

மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார். "கிளம்பலாம்" என்றார் மனைவியிடம்.

மூத்தவள் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் வந்தபோது அது இனிக்கவில்லை. பெரியவரின் காது சிவந்துபோயிருந்தது. தன் கண்முன்னே ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதை இந்தப் பதினோரு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. சமையலறைக்குள் ஓடி, பிடி வைத்த கப் நாலு எடுத்து, நாலிலும் பாதி பாதி சூப் ஊற்றினாள். நாலு தட்டுக் கோழியையும் தானே துண்டு போட்டாள்.

"மன்னிக்கணும் சார், அந்த சூப் ஆறிப்போச்சு. எல்லாருக்கும் சூடா கொண்டுவந்திருக்கேன்" என்று, அவர்கள் எழுவதற்குள் நாலு பேர் முன்னாலும் ஒரே மாதிரி வைத்தாள். பெரியவர் சுற்றிப் பார்த்தார். யார் தட்டும் வேறு மாதிரி இல்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மாள் மட்டும் மேலாளர் இருந்த இடத்துக்கு வந்தாள். இரண்டு ஓரகத்திகளும் பக்கத்தில்தான் நின்றார்கள். மூத்தவளிடம் கேட்டாள்: "போன்ல பேசினது நீங்கதானே? குரல் தெரியுது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன்னு சொன்னீங்களேம்மா?"

இளையவள் மூத்தவளை ஒரு தரம் பார்த்தாள்.

"அக்கா சொன்னாங்கம்மா. நான்தான் மறந்துட்டேன். என் தப்புதான்."

மேலாளர் இளையவளைப் பிடிபிடியென்று பிடித்தார். ஒரு மாதம் மேசைப் பக்கமே வராதே, வாசலில் நின்று ஆட்களை உட்காரவை என்றார். காட்டிக் கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்றுதான் மூத்தவளுக்கு நெஞ்சு குமைந்தது.

வீடு திரும்பும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன, அவங்க முன்னாடி நம்ம வீட்டுச் சண்டையைப் போடச் சொல்றீங்களா?"

"சண்டைன்னு யாரு சொன்னா?"

"நீங்க என் மூஞ்சியைப் பாத்துப் பேசியே ரெண்டு மாசம் ஆச்சு. எனக்குத் தெரியாதா?" இளையவள் குரல் உடைந்தது. "என்னைத் திட்டணும்னா திட்டிட்டுப் போங்க. ஆனா அந்த மனுஷன்கிட்ட நான் ஊட்டி விடவான்னு கேட்டுட்டேனே... அதுக்கு மட்டும் உங்களை மன்னிக்க மாட்டேன்க்கா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அவள் அழுது மூத்தவள் பார்த்ததில்லை.

மறுநாள் மூத்தவள் நேரே மேலாளரிடம் போனாள். "அவகிட்ட நான் சொல்லவே இல்ல சார். வேணும்னுதான் சொல்லல." நியாயம், தர்மம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. ஓரகத்தி போட்ட பிச்சையில் ஒரு மாதம் மேசை பார்ப்பதைவிட இது மேல் என்று தோன்றியது, அவ்வளவுதான். மேலாளர் தண்டனையை அப்படியே அவள் பக்கம் மாற்றினார்.

சிரித்த முகத்தைக் கேட்டு வருகிறவர்களை இனி அவளே கூட்டிப்போய் அந்த மேசையில் உட்காரவைக்க வேண்டும். பொறாமை போயிற்றா என்றால், இல்லை. இளையவளும் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள் கூட்டம் நெரித்தபோது, இரண்டு கையிலும் தட்டோடு வாசல் வரைக்கும் வந்தாள்.

"அக்கா, இனி ஒருத்தரைக்கூட என் பக்கம் அனுப்பாதீங்க. மூச்சு விட முடியல."

அவள் திரும்பிப் போவதற்குள் ஆறு பேர் உள்ளே நுழைந்து, அவளைக் காட்டி, "அந்தப் பொண்ணுதான் வேணும்" என்றார்கள். வேறு மேசை காட்டி அனுப்பியிருக்கலாம், இளையவளே கேட்டுக்கொண்டதுதானே. மூத்தவள் ஆறு நாற்காலிகளை இழுத்து வாசலோரம் போட்டாள்.

"பத்து நிமிஷம் உக்காருங்க" என்றாள். "அவ கையால சாப்பிடணும்னா காத்திருக்கலாம்."

சொல்லும்போது தொண்டையில் மிளகாய் வைத்த மாதிரிதான் எரிந்தது. ஆனாலும் சொன்னாள்.