ஆஷாவுக்குக் கிடைத்த பயிற்சி

ஆஷா நாலாவது முறையாகக் கை கழுவிவிட்டு வந்தாள். தட்டில் சோறு ஆறிப் போயிருந்தது. மகளின் கையைப் பிடித்து மோந்து பார்த்த சித்ராதேவி அப்படியே நின்றுவிட்டாள். ஆசிட் நெடி. விரலிடுக்குகளில் தோல் வெந்து சிவந்திருந்தது.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வந்தது. அருள்புரத்தில் அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பள்ளியில் 'உழைப்பை அறிவோம்' என்று நான்கு நாள் பயிற்சியாம். கைவேலை செய்து பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் பொறுமையும் பொறுப்பும் வரும் என்று தலைமையாசிரியர் குமாரவேல் பேசியிருக்கிறார். பிறகு பட்டியல் வாசித்தார்கள். உடன் படிக்கும் யாழினிக்குக் கட்டிங், மற்றவர்களுக்குச் செக்கிங், பேக்கிங். எல்லோரும் பள்ளித் தாளாளரின் பனியன் கம்பெனிக்கு வேனில் போனார்கள். ஆஷாவையும் இன்னொரு பெண்ணையும் மட்டும் பள்ளியிலேயே நிறுத்தி, பிரஷ்ஷும் ஆசிட் கேனும் கொடுத்துக் கழிப்பறைக்கு அனுப்பினார்கள். வகுப்பில் அந்த வேலைக்கென்று ஊர் ஒதுக்கிவைத்த சாதிப் பிள்ளைகள் அந்த இருவர்தான்.

சாயப்பட்டறை வேலை முடிந்து வந்த அப்பா ராக்கையா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சித்ராதேவிக்கு வேலையும் அதே தாளாளரின் கம்பெனியில்தான். குடியிருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரி வேலாத்தாள் சாதி கேட்டபோது ராக்கையா வேறொன்றைச் சொல்லித்தான் வீடு பிடித்திருந்தார். வாயைத் திறந்தால் எல்லாம் போகும்.

"மூணு நாளுதான இருக்கு. பல்லக் கடிச்சிக்கிட்டு முடிச்சிரட்டும்" என்றார்.

மறுநாள் காலை சித்ராதேவி கம்பெனிக்குப் போகாமல் மகளோடு பள்ளிக்குப் போனாள்.

குமாரவேல் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. தன் மகளையும் கம்பெனிக்கு அனுப்பும்படி அவள் கெஞ்சினாள். அளவெடுப்பது, துணி வெட்டுவது, எதையாவது கற்றுக்கொள்ளட்டும் என்றாள்.

"வேலையில உசந்தது தாழ்ந்தது ஏதுங்க? நீங்களும் கம்பெனியில கக்கூஸ்தானுங்களே கழுவறீங்க. புள்ளைக்குச் சுளுவா இருக்கும்னுதானுங்க அதுல போட்டோம்."

ஆஷா சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். செக்கிங்கில் பிசிறு வெட்டுகிறேன் என்றுதான் எட்டு வருடமாக அம்மா சொல்லி வந்திருந்தாள்.

சித்ராதேவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஆமா சார், அந்த வேலதான் பாக்கேன். அதத்தான் எம்புள்ள கத்துக்கணும்னா நானே வீட்டுல கத்துக் குடுத்திருப்பேன். அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? உசந்தது தாழ்ந்தது இல்லன்னு சொல்லுதீயளே, அந்த யாழினிய ஒரு நாள் எங்கூட அனுப்புங்க. நல்லபடியா சொல்லிக் குடுக்கேன்."

குமாரவேல் பேனாவை மூடினார். தாளாளரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

வராந்தாவில் அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தார்கள். வாசலில் ஆஷா அம்மாவின் கையைத் தன் கைக்குள் எடுத்துப் பார்த்தாள். நகங்கள் அரித்துப் போயிருந்தன. எட்டு வருடமாக இந்தக் கைதான் சோறு போட்டது, அவள் பார்த்ததில்லை.

"நீ கம்பெனிக்குப் போம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

அன்றும் அடுத்த இரண்டு நாளும் பிரஷ்ஷைத் தொடாமல் காலி வகுப்பறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த இன்னொரு பெண் கழிப்பறைகள் அத்தனையையும் ஒருத்தியாகக் கழுவினாள். போகும்போதும் வரும்போதும் அவள் ஆஷாவின் பக்கம் திரும்பவே இல்லை.

சித்ராதேவியை மறு வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். யார் மூலமோ அவர்கள் சாதி இன்னதென்ற செய்தி தெருவுக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலாத்தாள் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "பையனுக்குக் கண்ணாலம் வெச்சிருக்கறமுங்க. ஊடு வேணுமுங்க, சித்த காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றாள். அவளுடைய பையனுக்குப் பன்னிரண்டு வயது.

மூட்டை கட்டிய பாத்திரங்களுக்கு நடுவில் வைத்து, பள்ளியிலிருந்து கொண்டுவந்த பயிற்சி அறிக்கையை ஆஷா வாசித்தாள். யாழினிக்கு 'மிக நன்று'. அந்த இன்னொரு பெண்ணுக்கு 'நன்று, பணிவுடன் கற்றார்'. ஆஷாவுக்கு ஒரே வரி: 'உடல் உழைப்பில் நாட்டமில்லை, வீட்டில் உழைப்பின் அருமையைச் சொல்லி வளர்க்கவும்.'

கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். சித்ராதேவி பேனாவை வாங்கி, அரித்த விரல்களால் அழுத்திப் பிடித்து, தன் பெயரை முழுதாக எழுதினாள்.