சூட்டுக் கை

வாகிராவின் நாக்கைப் பற்றிச் சோலோ நகரில் அந்தத் தெருவே பெருமை பேசும். இருபத்தாறு வருஷமாகப் பாக்ஸோ என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கும் கடை நடத்தியவள். அடுத்த கடையில் ஒரு வாய் சூப் குடித்தால் போதும், மிச்சின் எத்தனை கரண்டி விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மிச்சின் என்றால், கொதிக்கிற சூப்பில் ஒரு சிட்டிகை தூவினால் ஆளை இன்னொரு கிண்ணம் கேட்க வைக்குமே, அந்த வெள்ளைச் சுவை உப்பு. அந்த நாக்கு சுவை பார்ப்பதோடு நின்றிருக்கலாம். பேசவும் செய்ததே, அங்கேதான் வந்தது வினை.

நாக்குக்கு அடுத்தபடி அவளுக்குத் தன் கையில் கர்வம். அங்கே, வைத்த செடியெல்லாம் தழைத்தால் குளிர்ந்த கை என்பார்கள். தொட்டதெல்லாம் பட்டுப்போனால் சூட்டுக் கை. வாகிராவுடையது குளிர்ந்த கை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அவளுக்கு அறவே இருந்ததில்லை.

சங்கதி ஒரு தொட்டிச் செடியைப் பற்றியது. மருமகள் லாரஸ் கல்யாணமாகி வந்தபோது, தன் ஊரான வொனோகிரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்த ஸ்ரீ ரெஜெக்கி. அகல இலையில் சிவப்பு ஓடும், வீட்டுக்குள் நிழலிலேயே வளரும், பாக்கியம் கொண்டுவரும் என்று பெயர். மகன் பிரமோனோ கப்பல் வேலைக்குப் போவதும் லீவில் வருவதுமாக இருக்க, மாமியாரும் மருமகளும் செடியுமாக இரண்டு வருஷம் ஓடியது. பெரியவர்களை அங்கே அம்மா என்கிற அர்த்தத்தில் இபு என்பார்கள், மாமியாரையும் லாரஸ் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்புறம் லாரஸுக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள், மூன்று வாரம் எழுந்திருக்கவே இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை வாகிராவிடம் வந்தது.

தண்ணீரை ஊற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே. தெருப் பெண்களின் மாதக் கூட்டம் அந்தத் தடவை அவள் வீட்டில். வருகிறவர்கள் செடியைப் பார்த்து மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று ஆசை. மிச்சினைக் கரைத்து ஊற்றினால் இலை பளபளக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பலரும் எப்போதாவது ஒரு சிட்டிகை போடுவார்கள். வாகிரா கடைக்காரி, சிட்டிகைக் கணக்கு அவளுக்கு எங்கே தெரியும்? கரண்டி கரண்டியாகக் கரைத்து, வாரம் இரண்டு தடவை ஊற்றினாள்.

கூட்டத்தன்று இலையெல்லாம் இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டு, நுனி கருகி நின்றது.

"என்னக்கா இது, வெத்தலைய மடிச்சு வச்ச மாதிரி இருக்கு?" என்று எதிர்வீட்டுத் துத்திக் கேட்டாள். "உங்க வீட்லயா இப்படி?"

பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாகிராவுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த ஒரு நொடியில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நான் என்ன பண்ணட்டும், அது லாரஸோட செடி. அவளுக்குச் சூட்டுக் கை. அவ கை பட்டது எது தங்குது?" என்றாள்.

நாலு பேர் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே சிரிப்பு அடங்கியது. லாரஸ் சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படுக்கையை விட்டு எழுந்து, தானாகவே டீ போட்டிருந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு டம்ளர்கூடத் தளும்பவில்லை.

அதன் பிறகு அவள் அந்தச் செடிப்பக்கமே போகவில்லை.

வாகிராவுக்கு உறுத்தியது. ஆனால் செடியைத் தேற்றிவிட்டால் பேச்சும் தானாக மறந்துபோகும் என்று ஒரு நப்பாசை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை, சிலந்தி நூல் மாதிரி எதுவும் இல்லை. வெயில் படுகிறதோ என்று ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தாள். தாகமோ என்று இன்னும் தண்ணீர் விட்டாள். விரலை விட்டுப் பார்த்தால் மண் சதசதவென்று ஈரம், இலையோ வறண்டு சுருள்கிறது. தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு தாகத்தில் சாகிற செடியை அவள் பார்த்ததில்லை.

ஒருநாள் லாரஸ் குளிக்கப் போயிருந்தபோது தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தாள். வேர் நுனியெல்லாம் பழுப்பேறிக் கருகியிருந்தது. தொட்டி விளிம்பிலும் மேல் மண்ணிலும் வெள்ளையாக ஏதோ பொரிந்து படிந்திருந்தது. சுண்ணாம்போ, பூஞ்சையோ? கடைக்காரிக்குக் கை சும்மா இருக்குமா, நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துவிட்டாள்.

மிச்சின்.

இருபத்தாறு வருஷத்து நாக்கு, பொய் சொல்லாது. எத்தனை கரண்டி என்றுகூடச் சொல்லியது. உப்பு வேரை எரித்திருக்கிறது, எரிந்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை, இலை சுருண்டுவிட்டது. அவ்வளவுதான் நோய். வாகிரா வாயைக் கொப்பளித்தாள். சுவை போனது. சொன்ன வார்த்தை போகவில்லை. குளியலறையில் லாரஸ் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டபடி இருந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

நல்லவளாக இருந்தால் அந்த ஈரக் கையோடு போய்ச் சொல்லியிருப்பாள். இவள் சொல்லவில்லை. வேரைக் கழுவினாள், கருகியதை வெட்டினாள், பழைய மண்ணைக் கொல்லையில் புதைத்தாள், களவு செய்தவள் தடயத்தைப் புதைக்கிற மாதிரி. கருக்கிய உமியைப் புதுமண்ணில் கலந்து நட்டு, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் வெறும் தண்ணீர்தான், அதுவும் மேல்மண் காய்ந்த பிறகுதான். ஐந்தாவது வாரம் ஒரு புதுக் குருத்து வந்தது. சுருளாமல் தட்டையாக விரிந்தது.

இடையில் இரண்டு கூட்டம் வேறு வீடுகளில் நடந்தது, அடுத்தது துத்திக் வீட்டில். அவள் மகளுக்குக் குழந்தை பிறந்து முப்பத்தைந்தாம் நாள் சடங்கு, அதையும் சேர்த்தே வைத்திருந்தாள். மஞ்சள் சோறும் முட்டையும் ஆளாளுக்குப் பரிமாறியாயிற்று.

"செடி பிழைச்சிடுச்சாமே. வாகிராக்கா கை வச்சா சும்மாவா?" என்றாள் ஒருத்தி.

"குளிர்ந்த கைனா அதுதான்டி" என்றாள் இன்னொருத்தி.

வாகிரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு இடித்தது. மிச்சின் ஊற்றின கூத்தைச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள், முட்டையை எடுத்துச் சோற்றில் உடைத்தாள்.

துத்திக் பேரனைத் துணியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். வரிசையாக ஒவ்வொரு மடியாகப் போன குழந்தை லாரஸிடம் வந்தது.

"பிடிம்மா, கொஞ்ச நேரம். உனக்கும் சீக்கிரம் வரும்."

லாரஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் இபு. என் கை சூடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்பது போலச் சொன்னாள். பிறகு எழுந்து, எல்லோருக்கும் தலை தாழ்த்தி விடைபெற்றுக்கொண்டு வெளியே போனாள்.

யாரும் வாகிராவைப் பார்க்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. கை கழுவாமல்கூட எழுந்து ஓடினாள்.

லாரஸ் கூடத்தில் செடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை இன்னும் பின்னாலேயே கட்டியிருந்தது.

"நான்தான்டி" என்றாள் வாகிரா மூச்சிரைக்க. "மிச்சினக் கரைச்சு ஊத்தினேன். வேரெல்லாம் கருகிப்போச்சு. நீ படுத்திருந்தியே, அப்ப. உன் கை இல்ல. எனக்கு அது தெரிஞ்சும் ரெண்டு மாசம் ஆகப்போகுது."

"தெரியும் இபு."

"என்ன தெரியும்?"

"தண்ணி ஊத்துற குவளையில வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. நான் படுத்திருந்த மூணு வாரத்துல மிச்சின் டப்பா காலி. நம்ம சூப்புல அவ்வளவு போடறதில்லையே." லாரஸ் செடியைப் பார்த்தபடியே பேசினாள். "டீ போட எந்திரிச்ச அன்னிக்கே பாத்தேன். சொல்லலாம்னுதான் வந்தேன், அதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க."

வாகிரா கிட்டே வந்தாள். "தெரிஞ்சுமா அங்க அப்படிச் சொன்ன? தெரிஞ்சுமா குழந்தைய வாங்கல?"

"செடி ஏன் சுருண்டுச்சுன்னு எனக்குத் தெரியும் இபு." லாரஸ் இப்போதுதான் திரும்பினாள். "வயித்துல இருந்தது ஏன் போச்சு? அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே. நீங்க மட்டும்தான் ஒரு காரணம் சொன்னீங்க."

வாகிரா வாயைத் திறந்தாள். டாக்டரே கையை விரித்த கேள்விக்கு அவள் என்ன சொல்வாள்? ஊரில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த நாக்கு அது. "எனக்குத் தெரியாதுடி. தெரியாததைத்தான் சொல்லிட்டேன்" என்றாள்.

லாரஸ் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள். வாகிரா தொடப் போனாள், தொட எந்த முகம் இருக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டாள். மஞ்சள் சோறு விரலில் காய்ந்திருந்தது.

அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"எங்க போறீங்க?" என்றாள் லாரஸ் விசும்பலோடு.

"துத்திக் வீட்டுக்கு. கூட்டம் இன்னும் கலைஞ்சிருக்காது."