ஒரு பாட்டில் தண்ணீர்

தொட்டியைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்தார்கள். பழைய பாட்டில்களைக் கழுவி மறுபடி விற்கும் கொட்டகை அது. கை தண்ணீரில் இருக்கும், வாய் ஊரெல்லாம் சுற்றும். அதிலும் ரேடியோ என்று பெயரெடுத்தவள் ஆரம்பித்தால் மேஸ்திரியின் காதும் இந்தப் பக்கம் சாயும். எந்த வீட்டில் எதற்குச் சண்டை என்று குடைந்து குடைந்து கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

பாட்டில்களுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். கைக்குள் அடங்கும் கால் லிட்டர்தான் அங்கே 'பாட்டில்'. ஒரு லிட்டர் பிடிப்பது 'மாமியார்'.

"எவ்ளோ தேய்ச்சாலும் அதுக்குத் திருப்தி வராதுடி" என்பாள். பிறகு மேஸ்திரியே, "இன்னிக்கு மாமியார் ஒரு கூடை" என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த வாரம் அவள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. வேறு குழாய் கிடையாது. நடை பழகிக்கொண்டிருந்த மகளுக்கு வயிற்றால் போனது.

ஆஸ்பத்திரி வரிசை வாசலைத் தாண்டி நின்றது. உள்ளே இருந்தது ஒரே நர்சம்மா. உப்புப் பொட்டலங்களைக் கையில் திணித்தாள்.

"காய்ச்சி ஆறின தண்ணி ஒரு பாட்டில், அதுல ஒண்ணைக் கரைச்சு அடிக்கடி குடு. அழுக்குத் தண்ணி குடுக்காதே."

"ஏம்மா, பாலு குடுக்கலாமா..."

"பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாரு. நகரு."

ஊரையே குடைபவள் வாயை மூடிக்கொண்டு நகர்ந்தாள். பாட்டிலைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

கொட்டகையிலிருந்து எடுத்துவந்த பாட்டிலைப் பளபளவென்று கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரை அளந்து ஊற்றி ஒரு பொட்டலத்தைக் கரைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. வண்டி இழுத்துவிட்டு வந்த புருஷன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான்.

"என்னடி, கடல் தண்ணியாட்டம் கரிக்குது?"

"மருந்துன்னா இனிக்குமா? நர்சம்மாவைவிட உனக்குத் தெரியுமோ?"

பொட்டலம் பொட்டலமாகக் கரைத்தாள். குழந்தை பானையைக் காட்டி, "தண்ணி, தண்ணி" என்றது. அதற்கு நன்றாக வந்த சொல் அதுதான். அழுக்குத் தண்ணீராயிற்றே என்று பானையைக் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, மறுபடி மருந்தையே வாயில் வைத்தாள்.

வலிப்பு வந்தபின் தூக்கிக்கொண்டு ஓடினாள். நர்சம்மா குழந்தையின் வறண்ட நாக்கைப் பார்த்தாள்.

"எவ்ளோ தண்ணியில கரைச்சே?"

"நீங்க சொன்னபடிதாம்மா. ஒரு பாட்டில்." மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

நர்சம்மா மேசைமேல் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

ரேடியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது மாமியார் இல்லையாம்மா" என்றாள்.

குழந்தை அன்று மாலையே போய்விட்டது.

காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்த நாளில் பெரிய பாட்டில்களாகவே வந்திருந்தன. மேஸ்திரி கூடையை இறக்கிவிட்டு, பெயர் சொல்லாமல் போனார்.

அவள் சின்ன பாட்டிலில் தண்ணீர் மொண்டு பெரியதில் ஊற்றினாள். கால்வாசிதான் நிறைந்தது. மறுபடி மொண்டாள். பாதி வந்தது. மறுபடியும் ஊற்றினாள். இன்னும் இடம் இருந்தது.

"கழுவச் சொன்னா விளையாடிட்டிருக்கியா?" முதலாளி வாசலிலிருந்து கேட்டார்.

அவள் இன்னொரு பாட்டில் மொண்டாள்.