திறந்து வைத்தார்

'குடும்பத்தினருக்கு ஆறுதல் கூறினார்' என்று போனில் அடித்து முடித்தபோது கரண்ட் போனது. குடும்பத்தினர் என்றால் நானும் என் மாமனாரும் கொழுந்தனும்தான். மறுநாள் நடக்கப்போகிற கருமாதியில் எங்களுக்கு ஆறுதல் சொல்லியாகிவிட்டது என்று முந்தின நாளே எழுதிவிட்டேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு தடவை படித்தேன்.

எம்.எல்.ஏ. மணவாளன் அலுவலகத்தில் என் வேலையே இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'தொகுதி மடல்' என்ற பெயரில் ஒரு செய்தி வாட்ஸப்பில் ஊர் ஊராகப் போகும். சட்டமன்றத்தில் ஐயா என்ன பேசினார், எந்த மசோதாவில் என்ன திருத்தம் கேட்டார் என்பதெல்லாம் மேலே இருக்கும். நடுவில் வெள்ளாற்றுக் கரை, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, எரியாத தெருவிளக்கு. கடைசியில் கல்யாணம், காதுகுத்து, படத்திறப்பு. ஜனங்கள் கீழேயிருந்துதான் படிப்பார்கள். மசோதாவைப் பற்றி இதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போனால் மட்டும் அலுவலகத்துக்கே வந்து சண்டை போடுவார்கள்.

ஐயாவின் சுற்றுப்பயண நிரல் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். அதை வைத்து, நடக்கப்போவதை எல்லாம் நடந்ததாகவே எழுதிக் கொடுத்துவிடுவேன். கலந்துகொண்டு சிறப்பித்தார், வாழ்த்தினார், கேட்டறிந்தார். பி.ஏ. ஸ்ரீதர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்புவான். ஐயா லேட்டாக வருவாரே தவிர வராமல் இருந்ததில்லை. அதனால் நான் எழுதியது எதுவும் பொய்யாகப் போனதில்லை.

என் கணவர் பாண்டியன் ஐயாவின் கட்சியில் கிளைச் செயலாளர். போஸ்டர் ஒட்டுவது, கொடி கட்டுவது, மைக் செட்டுக்குச் சொல்வது, வாக்குச்சாவடியில் உட்காருவது எல்லாம் அவர்தான். படத்திறப்பு என்றால் இன்னும் விசேஷம். படத்தை மூடுகிற துணிக்கு அவர் ஒரு முடிச்சுப் போடுவார். ஐயா நுனியை விரலால் தொட்டால் போதும், துணி முழுசாகக் கீழே விழும். இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது, தலைவருக்கு அசிங்கம் என்பார். புவனகிரி சுற்றுவட்டாரத்தில் செத்துப்போன பாதிப் பேருடைய முகத்தைத் திறந்துவிட்ட முடிச்சு அது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கூட்டத்துக்குக் கொடி கட்டிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அழுவதற்கு இன்னொரு ஆள் வீட்டில் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். மடலை நான் எழுத வேண்டாம் என்று ஸ்ரீதர் சொன்னான். நான்தான் எழுதுகிறேன் என்றேன். முப்பதாம் நாள் காரியம் முடிகிறவரை நான் வாசல் தாண்டக் கூடாது. வேறு என்ன செய்வது?

சாவு விழுந்தபோது சட்டமன்றக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஐயாவின் மாலை மட்டும் வந்தது. "படத்திறப்புக்கு நானே வரேன், பாண்டியன் எனக்குத் தம்பி மாதிரி" என்று என் மாமனாரிடம் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தெருவே கேட்டது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சுப்பராயலு மாமா கருமாதி வரைக்கும் எழுந்து நடமாடினார். மகன் உயிரோடு இருந்தவரை அவருக்கும் இவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. "கொடி புடிச்சி இன்னாடா கண்ட? நெலத்தப் பாரு" என்று தினம் ஒரு சண்டை. இப்போது எம்.எல்.ஏ. வந்து, ஊர் பார்க்க அந்தத் துணியை விலக்கிவிட்டால், பையன் வீணாகப் போய்விடவில்லை என்று அவர் நம்பிக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கருமாதி அன்று காலையிலேயே சடங்கெல்லாம் முடிந்துவிட்டது. கூடத்தில் மேஜை போட்டு, பெரிதாகப் போட்ட படத்தை நிறுத்தி, வெள்ளை சாட்டின் துணியால் மூடியிருந்தார்கள். அந்த முடிச்சு யாருக்கும் தெரியவில்லை. கடலூரில் டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் ஜெயப்பிரகாஷ் ஊக்கு வாங்கிவந்து இரண்டு மூலையிலும் குத்திவிட்டான்.

படத்தைத் திறந்த பிறகுதான் சாப்பாடு என்று மாமா சொல்லிவிட்டார். ஜனங்கள் பந்தலில் காத்திருந்தார்கள். வடை ஆறியது. கட்சிக்காரர்கள் ரோட்டு முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "சேத்தியாத்தோப்பு தாண்டிட்டாராம், வந்துகினு இருக்காராம்" என்று ஒருத்தர் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது ஸ்ரீதர் எனக்கு போன் செய்தான்.

"அக்கா, மசோதா நேத்து எடுக்க வேண்டியது, இன்னிக்குத் தள்ளிட்டாங்க. ஓட்டெடுப்பு இருக்கு, ஒருத்தரும் வெளிய போவக் கூடாதுன்னு கொறடா சொல்லிட்டாரு. ஐயா வர முடியாதுக்கா."

"சரி தம்பி."

"மாமாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொன்னேன். மாமா, "சரி, எலய போடச் சொல்லு" என்றார். ஜனங்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள். சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டிய வீடு, அதனால் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். வேறு யாரையாவது வைத்துத் திறந்துவிடலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மடலில் எழுதியிருந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை. ஸ்ரீதரும் முதல் செய்தியைத்தான் திருத்தினான். 'மசோதா மீதான வாக்கெடுப்பில் இன்று கலந்துகொண்டார்' என்று மாற்றியவன் கடைசிவரை கீழே வரவில்லை.

ஆறு மணிக்கு, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்த எல்லா போன்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன. நான் எடுத்துப் பார்த்தேன். மறைந்த கிளைச் செயலாளர் திரு. பாண்டியன் அவர்களின் திருவுருவப் படத்தைத் திறந்து வைத்து, மலர்தூவி மரியாதை செலுத்தி, குடும்பத்தினருக்கு ஆறுதல் கூறினார். 'திரு' விட்டுப்போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். துணி அப்படியே இருந்தது. ஒரே நாளில் ஒரு மனிதர் சென்னையில் ஓட்டும் போட்டு, எங்கள் வீட்டில் படமும் திறந்திருக்கிறார் என்பது அதைப் படித்த ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. செய்திக்குக் கீழே கும்பிடுகிற கை எமோஜிகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

மாமாவின் போன் அடித்தது. மங்கலம்பேட்டையிலிருந்து அவருடைய தம்பி ராஜமாணிக்கம். மூட்டுவலியால் கருமாதிக்கு வர முடியாதவர்.

"ஆமாம்ப்பா" என்றார் மாமா. "வந்தாரு."

ஜெயப்பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் மாமாவைப் பார்த்தேன்.

"ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. என் கையப் புடிச்சிகினு பேசுனாரு. பாண்டியன் மாதிரி ஆளு இனிமே கெடைக்கமாட்டான்னு சொல்லிட்டுப் போனாரு. ஜனம் ஜாஸ்தி. நீதான் பாக்க குடுத்து வெக்கல."

போனை வைத்துவிட்டு அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த போன் வந்தது. அதற்கும் அதையே சொன்னார். இந்தத் தடவை ஐயா கண் கலங்கினார் என்பதும் சேர்ந்திருந்தது. ஜெயப்பிரகாஷ் மெல்ல எழுந்து போய் ஊக்கில் கை வைத்தான். "அண்ணி, நாமளே எடுத்துடலாமா?" என்று கேட்டான். மாமா போனைக் காதில் வைத்தபடியே, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீதர் பதறிப்போய்க் கூப்பிட்டான். "அக்கா, பெரிய தப்பாயிடுச்சு. நான் அத எடுக்காம அனுப்பிட்டேன். இப்பவே அழிச்சிட்டு வேற போட்டுடறேன்."

மாமாவின் குரல் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"வேணாம் தம்பி. இருக்கட்டும்."

"சரிக்கா. ஞாயித்துக்கெழம ஐயா கண்டிப்பா வராரு. துணிய மட்டும் எடுத்துடாதீங்க. அன்னிக்கி தொறந்து ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஐயாவுக்குக் கடலூரில் ஏதோ ஆய்வுக்கூட்டம். அதற்கடுத்த ஞாயிறு சிதம்பரத்தில் இரண்டு கல்யாணம்; சாயங்காலம் வருவதாகச் சொல்லி மழை பிடித்துக்கொண்டது. ஊரைப் பொறுத்தவரை படம் திறந்தாகிவிட்டது. அதனால் வெளியாள் யாராவது வந்தால் மாமா கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் உள்ளே போவார். துணியின் கீழ் ஓரத்தைத் தூக்கி, சட்டையின் இரண்டாவது பொத்தான் தெரிகிற அளவுக்குத்தான் தூக்கி, கண்ணாடியில் கொஞ்சம் விபூதியைத் தடவிவிட்டுத் திரும்பக் கீழே விடுவார். அதற்கு மேல் தூக்கினால் திறந்ததாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

நேற்று ஸ்ரீதர் இந்த வார நிரலை அனுப்பினான். சட்டமன்றக் கூட்டம் முடிந்துவிட்டது, மசோதா எதுவும் இல்லை. ஞாயிறு காலை சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குப் படத்திறப்பு. எங்கள் ஊர் நிரலில் இல்லை. நானும் கேட்கவில்லை.

படத்திறப்புக்கு நான் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. பழையதை எடுத்து ஒட்டி, பெயரை மட்டும் மாற்றுவேன். இன்று சாயங்காலம் அதே மாதிரி ஒட்டினேன். கர்சரைப் பெயருக்குப் பக்கத்தில் வைத்து அழிக்க ஆரம்பித்தேன். ன் போனது. ய போனது. 'பாண்டி' என்று நின்றது. அவருடைய சிநேகிதர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டைவிரல் அதற்கு மேல் அழுத்தவில்லை.

மாமா விளக்கேற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். எந்தப் படத்தைப் பெரிதாக்கினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஜெயப்பிரகாஷ்தான் ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனான், என்னைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஊக்குகள் லேசாகத் துருப்பிடித்திருந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. திறக்க வேண்டியவர் திறக்கட்டும், அந்த ஆசை மாமாவுடையது. குனிந்து, துணியைக் கீழேயிருந்து தூக்கி, தலையை உள்ளே விட்டேன்.

உள்ளே விபூதி வாசனை. துணிக்கு வெளியே விளக்கு எரிந்ததால் வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. முகம் மூக்குக்கு நேராக, ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம், மீசை மெலிசாக, நான் பார்த்தே இராத ஒரு சட்டையில். "என்னங்க" என்றேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளுப்பு விலகி ஒரு கண் தெரிந்தது, பிறகு மீசை. அதற்குள் அழுகை வந்துவிட்டது. அடக்க அடக்க மூச்சு பெரிதாக வந்தது. கண்ணாடி மறுபடியும் முழுசாக வெளுத்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா உள்ளே வந்து நின்றது தெரிந்தது. அவர் திரும்பிப் போய்க் கூடத்துக் கதவை வெளிப்பக்கமிருந்து சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் வாசலில் கேட்டது.