மெதுவா இறக்குங்க

மைக் செட்காரருக்குச் "சவுண்டு" என்று பேர் வைத்தவன் நல்ல குசும்பன். அந்த மனிதர் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. கல்யாண வீடோ, இழவு வீடோ, கட்சிக் கூட்டமோ, எங்கே கூப்பிட்டாலும் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். ஓர் ஓரமாக உட்கார்ந்து அடுத்தவர் குரலை ஊருக்கெல்லாம் கேட்க வைப்பார். முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

அன்றைக்கு அவரைக் கூப்பிட்டது மின்கட்டண ஆணையம். கரண்டு விலையை ஏற்றப் போகிறார்கள். ஏற்றுவதற்கு முன்னால் பொதுமக்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்க வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறதே தவிர, காதில் விழ வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

காலையில் மண்டபத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த சவுண்டை, ஆணையத்தின் செயலாளர் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தலைவர் கண்ணாடியைக் கழட்டினார்னா, பேசுறவங்க மைக்கை இறக்கிடணும். சரியா?"

"நிறுத்திடவா சார்?"

"ஐயோ, நிறுத்தக் கூடாது. சட்டுனு நிறுத்தினா சண்டைக்கு வருவாங்க. மெதுவா இறக்குங்க. கொஞ்சம் கொஞ்சமா. தன் தொண்டைதான் கட்டிக்கிச்சுன்னு நினைச்சு அவங்களே முடிச்சுப்பாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "போன கூட்டத்துல ஒருத்தன் படக்குனு ஆஃப் பண்ணி எங்க மானத்தை வாங்கிட்டான். உங்களுக்குப் பக்குவமான கைன்னு சொன்னாங்க, அதான் கூப்பிட்டோம்."

பக்குவமான கை என்ற வார்த்தையில் சவுண்டு குளிர்ந்து போனார். கூட்டத்தைப் பதிவு செய்யும் கருவிக்கும் அவர் பெட்டியிலிருந்துதான் ஒயர் போயிருந்தது. பெட்டியில் குரல் இறங்கினால் பதிவிலும் இறங்கும். பதிவில் இல்லாததை யாரும் பேசியதாகவே கணக்கில்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் தலையை ஆட்டினார்.

ஒன்றை மட்டும் அவர் செயலாளரிடம் சொல்லவில்லை. அன்றைக்குப் பேச வருகிறவர்களில் அவருடைய அக்காவும் ஒருத்தி.

அக்காவின் வீட்டுக்காரருக்கு நுரையீரல் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அது நின்றால் மாமாவுக்கு உதடு நீலம் பாரித்துவிடும். புதிய விலைப்படி ஓர் அளவுக்கு மேல் கரண்டு எரித்தால் அந்த வீட்டில் நடப்பது ஆடம்பரம், அதற்கு மூன்று மடங்கு விலை. அறைக்கு அறை ஏசி போட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனும், மூச்சு விடுகிறவனும் ஒரே தட்டில். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ. அக்கா தையல் மெஷினோடு மாரடித்துச் சம்பாதிப்பதில் பாதி இப்போதே கரண்டுக்குத்தான் போகிறது. மூச்சு மெஷின் ஓடும் வீடுகளை அந்த விலையிலிருந்து விலக்குங்கள் என்று கேட்கத்தான் அவள் வருகிறாள். கேட்டது பதிவில் ஏறிவிட்டால் ஆணையம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதுவும் சட்டம்தான்.

"நீ இருக்கிறதால எனக்குப் பயமில்லடா," என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். "கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி வை."

"வாக்கா, பார்த்துக்கலாம்," என்று சொல்லிவைத்திருந்தார் சவுண்டு.

முதலில் பேச வந்தவர் ஐஸ் ஃபேக்டரிக்காரர். ஆள் மலை மாதிரி இருப்பார், குரல் ஆளைவிடப் பெரிசு.

"நஷ்டம் நஷ்டம்னு சொல்றீங்க. கரண்டை யார்கிட்ட வாங்குறீங்க, என்ன விலைக்கு வாங்குறீங்க? உங்க கணக்குல அந்தப் பக்கத்துல மட்டும் கறுப்பு மையை அப்பி வச்சிருக்கீங்களே, அது ஏன்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சவுண்டின் விரல் பெட்டியின் ஒலிக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியது. ஐஸ் ஃபேக்டரிக்காரர் செருமினார், தண்ணீர் குடித்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார். தட்டும்போது மட்டும் குமிழ் கொஞ்சம் ஏறியது, பக்குவமான கை அல்லவா. "ஐஸ்லயே கிடக்கிறேனா, தொண்டை கட்டிக்கிச்சு," என்று அசடு வழிந்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அடுத்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் ஓர் அதட்டல் போட்டால் பக்கத்து வகுப்பும் அடங்கும் என்பார்கள். "கணக்கை நேத்து சாயங்காலம் இணையதளத்துல போட்டுட்டு, இன்னைக்குக் காலையில கருத்துச் சொல்லுன்னா எப்படிங்க சொல்றது? நான் பரீட்சைக்கு முந்தின நாள் பாடப் புத்தகம் கொடுத்ததில்ல," என்றார். கூட்டம் சிரித்தது. கண்ணாடி கழன்றது. டீச்சரம்மா பாதிப் பேச்சில் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு வாக்கியம் முயன்றார். பிறகு, "வயசாயிடுச்சு," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

சவுண்டு அந்தக் கதவையே பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம், கை வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒருத்தர் வாயைப் பொத்துவது அயோக்கியத்தனம். பொத்தியதும் போதாமல் கோளாறு உன் தொண்டையில்தான் என்று நம்பவைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள், இருமினார்கள், போனார்கள்.

பிறகு அக்கா வந்தாள். மாமாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கெஞ்சிவிட்டு ஓடி வந்திருக்கிறாள் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு மெஷின் வச்சுத்தான் மூச்சே ஓடுது. அதை ஆடம்பரம்னு எழுதியிருக்கீங்க. யாரைக் கேட்டுங்க எழுதினீங்க? எங்க வீட்டுக்கு வாங்க, ஒரு நிமிஷம் நானே நிறுத்திக் காட்டுறேன், அந்த ஆடம்பரத்தை உட்கார்ந்து பாருங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

இறக்கக் கூடாது என்றுதான் சவுண்டு நினைத்தார். ஆனால் நினைப்பு வந்து சேர்வதற்குள் கை போய்விட்டது. காலையிலிருந்து பழகிய கை. அக்கா மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தாள், குரலை உயர்த்தினாள், உயர்த்த உயர்த்தக் குரல் பிசிறியது. பின்வரிசையில், "கேட்கலம்மா," என்றார்கள். அக்கா மேடையைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. சரியாத் தூக்கமில்ல, அதான் தொண்டை..."

சவுண்டுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினார். பெட்டிகள் வீல் என்று கத்தின, ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் கத்தல் அடங்குவதற்குள், பரிசோதனைக்கு வைத்திருந்த மைக்கை எடுத்துத் தன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டார்.

"அக்கா, உன் தொண்டைக்கு ஒண்ணுமில்ல. நான்தான் இறக்கினேன்." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஐஸ் ஃபேக்டரி அண்ணே, உங்க தொண்டையும் நல்லாத்தான் இருக்கு. தலைவர் கண்ணாடியைக் கழட்டினா மெதுவா இறக்கச் சொன்னாங்க. காலையிலேருந்து எல்லாருக்கும் இறக்கினேன்."

செயலாளர் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். தலைவர் எழுந்து, "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, கருத்துக் கேட்பு இத்துடன்..." என்று ஆரம்பித்தார். மைக் இல்லாத அவர் குரல் முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்காரர் நிதானமாகப் போய் மண்டபத்தின் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டார்.

"இத்துடன்னா எப்படி சார்? நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. முதல்லேருந்து கேளுங்க."

"பேசினவங்கள்ல பாதிப் பேர் கிளம்பிப் போயிட்டாங்க," என்றார் தலைவர். "அவங்க இல்லாம எப்படி முதல்லேருந்து கேட்கிறது? விதிமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"கூட்டிட்டு வந்தா கேட்பீங்களா?" என்றாள் அக்கா.

அத்தனை பேர் முகத்துக்கு எதிரே தலைவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாரும் வந்தால் மட்டும், ஒருத்தர் குறைந்தாலும் இல்லை என்று இழுத்தார். வரமாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு. தொண்டை கெட்டவர்கள் எதற்குத் திரும்பி வருவார்கள்?

அக்கா தம்பியிடம் வந்தாள். சவுண்டுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்டா."

"அக்கா, உனக்காகத்தானே நான்..."

"எனக்காகத்தான். டீச்சரம்மா உனக்கு அக்கா இல்ல, அதனால அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "உன் மாமா மூச்சை உன்னை நம்பி அந்த மைக்குல கொண்டுவந்து வச்சேன்டா."

சவுண்டு ஒயரைச் சுருட்டக் குனிந்தார்.

"போனவங்க வீடெல்லாம் தெரியுமா?"

"தெரியும். எல்லாரும் இந்தச் சுத்துவட்டாரம்தான்."

"நட."

இரண்டு தெரு தள்ளி டீச்சரம்மாவின் வீடு. அக்கா அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே யாரோ கொப்பளித்துத் துப்பும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. டீச்சரம்மா கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார், கையில் உப்புப் போட்ட வெந்நீர் டம்ளர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைக் காட்டி, பேச முடியாது என்று தலையாட்டிவிட்டு, என்ன விஷயம் என்று கையாலேயே கேட்டார்.

அக்கா ஒதுங்கித் தம்பிக்கு வழி விட்டாள்.

"சொல்லு," என்றாள்.