ஆடாத கமோடு

அந்தக் குளியலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் முதலில் மூச்சை வெளியே விட்டாக வேண்டும். அதனால்தான் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், பிளம்பர்களிலேயே ஆள் சின்னவனான 'குள்ளனை'க் கூப்பிட்டிருந்தார். அலுவலகம் அவரை அனுப்பி ஏழு வருடமாகிறது; அவர்தான் அலுவலகத்தை விடவில்லை. கையிலிருந்த கோப்பின் மேல் 'கமோடு மாற்றம்' என்று எழுதியிருந்தது.

"பழசு எப்படி சார் விரிசல் விட்டுச்சு?"

"இவ உடம்பு அப்படி."

முட்டி தேய்ந்த அவர் மனைவி சுவரைப் பிடித்து நின்றார். "உடம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் எழுந்திருக்க முடியாம தவிச்சா, அது அடியிலேர்ந்து தூக்கிவிடும்ப்பா."

"வருஷக்கணக்கா இதே கதை," என்றார் கணவர். "புதுசு இம்மிகூட ஆடக் கூடாது. உத்தரவு."

குள்ளன் பழையதைப் பெயர்த்தான். நாற்றம் வராமலிருக்கக் குழாய் வாயில் கந்தலைத் திணித்தான். திரும்பிப் பார்த்தால் கந்தல் வெளியே கிடந்தது. மறுபடி திணித்து, உள்ளங்கையால் அழுத்தினான். கீழே இருந்து அதே அளவு பலத்தில், வெதுவெதுப்பாக, ஏதோ அழுத்தியது. முட்டவில்லை, மோதவில்லை, விசாரிப்பது மாதிரி.

"காத்து," என்று சொல்லிக்கொண்டான். அவன் சொன்னதை அவன் நாக்கே நம்பவில்லை. கந்தலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, இரண்டு போல்ட் போதுமான இடத்தில் நான்கு போட்டு முறுக்கினான்.

"யானை உக்காந்தாலும் ஆடாது சார்."

அந்த அம்மா உள்ளே போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை.

"என்னத்தப்பா பண்ணித் தொலைச்சே? எழுந்திருக்க முடியலையே!"

"எல்லாம் மனசுதான். முயற்சி பண்ணு," என்றார் கணவர்.

"உள்ள வந்து ஒரு கை குடுங்களேன்!"

அவர் கோப்பைப் பார்த்தார். "இடம் போதாதே."

உள்ளே விம்மல் கேட்டது. அதோடு, தரைக்கு அடியில் மெல்லிய தட்டலும்.

குள்ளன் ஸ்பானரை எடுத்தான். "அம்மா, துண்டைப் போர்த்திக்குங்க, வரேன்."

தவழ்ந்து நுழைந்தான். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றக் கழற்ற, தட்டல் நெருங்கி வந்தது. நான்காவது கழன்றதும், குழந்தையைத் தூக்குவது போல, அம்மாவோடு கமோடு ஒரு சாண் மேலே எழும்பியது. அம்மா நிமிர்ந்து நின்றார்.

"போதும்மா," என்றார் தரையைப் பார்த்து. கமோடு சத்தமில்லாமல் அமர்ந்தது.

"என்ன, ஆடுதா?" என்று அதட்டினார் கணவர், வெளியே நின்றபடியே.

"ஆடுது சார்." குள்ளன் நாலு போல்ட்டையும் பையில் போட்டுக்கொண்டான். "ஆடட்டும்."