டோக்கன் நம்பர் 2714

கண்ணாடிப் பெட்டியிலிருந்து அப்பாவைத் தூக்கி மரப்பெட்டியில் கிடத்தியதும், ஜெபமாலையைச் சரிசெய்கிற சாக்கில் ஜெனிஷா அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். குளிர்ந்து விறைத்திருந்த விரல்கள் இடம் கொடுக்கவில்லை. அவளுடைய இடது கைக்குள் ஒரு பித்தளை வில்லை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"இன்னா பண்ற ஜெனி? அத்த விடு, நல்லாத்தான் கீது," என்றான் தம்பி டேனி. காலையிலிருந்து வண்டி, பூ, கல்லறைக் குழி என்று அலைந்ததில் அவன் குரல் கம்மிப்போயிருந்தது. "ஃபாதர் மூணு மணிக்கு வந்துருவாரு."

மணி இரண்டு இருபது. மூடி போடுவதற்குள் இந்த வில்லையை அவர் கையில் வைத்துவிட வேண்டும். வைப்பதற்கு முன் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடமாகக் கேட்கிற காதில் சொல்லாததை இனிமேல் கேட்காத காதில் சொல்லி என்ன புண்ணியம் என்றும் அவளுக்குத் தோன்றியது.

அப்பா சத்தியராஜ் ஆவடியில் டேங்க் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் ஃபிட்டர். அங்கே ஸ்டோரில் அளவெடுக்க ஒரு மைக்ரோமீட்டர் வாங்கினாலும், அது தொங்கிய ஆணியில் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுத்தான் வர வேண்டும். டோக்கன் தொங்கினால் சாமான் தொலையவில்லை, வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். அவர் ஓய்வு பெற்ற அன்று ஸ்டோர்கீப்பர் வரதன், அவர் நம்பரான 2714 அடித்த டோக்கன் ஒன்றைச் சத்தமில்லாமல் அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

ஓய்வு பெற்றதும் மனிதர் ஜியோகேச்சிங் பைத்தியம் பிடித்து அலைந்தார். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைத்து, இடத்தைச் செயலியில் போட்டுவிடுகிறார்கள். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு டப்பாவை அங்கேயே வைக்க வேண்டும். சிலதில் பயணப்பொருள் கிடக்கும். அதை மட்டும் எடுத்துப்போய் வேறு ஊர் டப்பாவில் போடலாம். அம்மா ஞானகுமாரி இதற்கு 'டப்பா பொறுக்குறது' என்று பெயர் வைத்தாள். கோவில்பதாகைத் தெருவில் அதுவே அவர் பட்டப்பெயராகவும் ஆனது. அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வரதனையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

டோக்கனின் முதுகில் ஆறெழுத்துக் குறி ஒன்றைப் பொறித்து, 2014-இல் அதைப் பயணம் அனுப்பினார். பொருளைக் கையில் எடுத்தவருக்குத்தான் அந்தக் குறி தெரியும். குறியைப் போட்டால்தான் எந்த ஊரில் இருக்கிறது என்று பதிய முடியும். டோக்கன் ஜெர்மனி போனது, நார்வே போனது, ஒரு பனிமலை உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டது. வேளாங்கண்ணியைத் தாண்டாத சத்தியராஜ் ஒவ்வொரு ஊரையும் டைரியில் எழுதி, கிலோமீட்டரைக் கூட்டி, சோறு ஆறுவது தெரியாமல் ஜெனிஷாவுக்குப் படித்துக் காட்டுவார். ஒன்பது வருடம் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சென்னைக்கே கொண்டுவந்து, பக்கத்து ஏரிக்கரை டப்பாவில் போட்டான்.

அவர் போய் எடுப்பதற்குள் மிக்ஜாம் புயல் வந்தது. ஏரி வழிந்து, டப்பாவை அடித்துக்கொண்டு போனது. வடிந்த சேற்றில் மூன்று வாரம் தேடினார். தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து, சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க ஜெனிஷாவுக்குப் பொறுக்கவில்லை. குறி டைரியின் முதல் பக்கத்தில் இருந்தது. ஒரு புதன்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் ஆபீசில் உட்கார்ந்தபடி பிராங்க் என்ற பெயரில் கணக்குத் தொடங்கி, 'ஏரிக்கரையில் எடுத்தேன், இப்போது கொச்சியில் இருக்கிறது' என்று பதிந்தாள். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஜெனி! கெடச்சிருச்சிடி! கொச்சில கீதாம்!" சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் டீ கிளாஸ்கள் இடிக்கும் சத்தம்.

அதன்பிறகு பொய்யை நிறுத்த வழியில்லை. அவர் வேறு, "அடுத்து ஜப்பான் பக்கம் போனா நல்லாயிருக்கும்ல?" என்பார். அவள் ராத்திரியெல்லாம் ஜப்பானைப் பற்றிப் படிப்பாள். மறுவாரம் டோக்கன் ஜப்பானில் இருக்கும். ஒரு தடவை, "இந்த பிராங்க்கு எழுதறதுல நம்ம ஊரு வாசன அடிக்குதே," என்றார். அடுத்த பதிவை அவள் நாலு தடவை திருத்தி எழுதினாள்.

இந்த ஈஸ்டருக்கு டோக்கனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். எஸ்டேட்டில் ஒரு கடையில் அதே நம்பர், அதே குறியோடு இன்னொன்று அடித்து வாங்கினாள். பிராங்க்கின் டோக்கன் கொழும்பு வரைக்கும் வந்திருந்தது. நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

"ஜெனி," என்று ஞானகுமாரி கூப்பிட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தொப்பிய எடுத்துட்டு வா. மொட்ட வெயிலு. தொப்பி இல்லாம எங்கயும் போவமாட்டாரு."

அந்தத் தொப்பியைக் குப்பையில் போடப்போவதாகப் பத்து வருடமாக மிரட்டியவள் அவள்தான்.

தொப்பி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஜெனிஷா அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் தலை எண்ணெய் வாசனை. அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது, உள்பட்டையில் ஏதோ கெட்டியாகக் கன்னத்தில் இடித்தது. பட்டையைப் பிரித்து ஒட்டுத் தையல் போட்டிருந்தது. நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளங்கையில் விழுந்தது ஒரு பித்தளை டோக்கன். 2714. திருப்பினாள். ஆறெழுத்து, அவருடைய கைப்பொறிப்பு.

கட்டிலில் உட்கார்ந்தாள். அறை வாசலில் வரதன் வந்து நின்றார். அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தார்.

"இத்த எங்க அடிச்ச?" என்று புதியதை எடுத்துப் பார்த்தார். "ஏழு நேரா நிக்குது. நம்முது நான் கையால அடிச்சது. குடிகாரன் மாரி சாஞ்சிகினு இருக்கும்."

"மாமா, இது எப்ப கெடச்சிது?"

"அந்த புதங்கெயமதான். ஏரி மதகாண்ட சேத்துல பளிச்சினு தெரிஞ்சுது. டீக்கடைல குந்தி கழுவிகினு கீறோம், போனு டிங்குனுச்சி. பாத்தா டோக்கன் கொச்சில கீதாம். உங்கப்பன் போனப் பாக்கறாரு, கையில கீற டோக்கனப் பாக்கறாரு. நா எவனோ ஃபிராடுன்னு கத்தறேன். அவரு, 'டேய் வரதா, இந்த ஊர்ல இந்தக் குறி எனக்கும் எம்பொண்ணுக்குந்தான் தெரியும்'னு சொல்லிட்டு கண்ணு கலங்கி அய்தாரு. அப்பால சிரிச்சாரு. அப்பறந்தான் உனக்கு போன் போட்டாரு."

ஜெனிஷாவுக்கு அந்த டீ கிளாஸ் சத்தம் மறுபடி கேட்டது.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"நா கேக்காமயா? 'எம்பொண்ணு ஊரு ஊரா என்ன இட்டுகினு போவுதுடா, வாய மூடிகினு வா'ன்னாரு. ஜப்பான் கேட்டா ஜப்பான் வருதுன்னு ஒரே குஷி."

"நா பொய் சொல்லிட்டேன் மாமா. ரெண்டு வருஷமா." அவள் வாய்விட்டு அழுதாள். இறந்ததற்கு அழுத அழுகை வேறு, இது வேறு.

வரதன் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னா பொய்யி? ஸ்டோர்ல ஒரு ஆளுக்கு ஒரே நம்பர்ல அஞ்சு டோக்கன் குடுப்போம். ஒண்ணு ஆணில தொங்கும், ஒண்ணு கையில இருக்கும். எத்த பொய்யின்னுவ?"

வெளியே ஃபாதரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. டேனி கூப்பிட்டான்.

ஜெனிஷா கூடத்துக்கு வந்தாள். ஞானகுமாரி தொப்பியை வாங்கி, தூசியைத் தட்டி, அவர் தலைமாட்டில் வைத்தாள். ஜெனிஷா இந்த முறை விரல்களைப் பிரிக்கவில்லை. நேராக நிற்கும் ஏழு உள்ள டோக்கனை அவர் உள்ளங்கைக்கும் சட்டைக்கும் நடுவே செருகினாள். குனிந்து காதருகில், "பிராங்க் வந்துட்டான்பா," என்றாள்.

ஜெபம் முடிந்து மூடி போட்டார்கள். பெட்டி வாசலைத் தாண்டியது. செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற அம்மாவை வரதன் கைத்தாங்கலாக வண்டிக்கு அழைத்துப் போனார். டேனி உள்ளறை விளக்கை அணைக்க வந்தான்.

"ஜெனி, ஆணில இன்னா மாட்டிகீற?"

"இருக்கட்டும். எடுக்காத."

அவன் விளக்கை அணைத்துக் கதவை இழுத்தான். தொப்பி இருந்த ஆணியில், ஏழு சாய்ந்த டோக்கன் ஒருமுறை ஆடி, கதவுப் பலகையில் தட்டி நின்றது.